சின்ன சைஸில் மாறாது

ஜூன் 4

மாமாவுக்கு,

இப்படித் தொடங்கலாமா என்று யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். 'ஐயா' என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். பெயரை எழுத எனக்குக் கை வராது. ஆகவே அக்கா இருந்தபோது கூப்பிட்டது போலவே மாமாதான். பிடிக்கவில்லையென்றால் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் இந்தக் கவரில் இருப்பதைப் போன் வழியாகத் தள்ள முடியாது. ரோஸ் நிற ஸ்பாஞ்சுக்குள் இரண்டு மெமரி சிப் வைத்திருக்கிறேன். அதன் கால்களைக் கையால் தொடாதீர்கள்.

அக்காவின் கம்ப்யூட்டரில் இப்போது இருக்கிற கிராபிக்ஸ் கார்டு, அவள் வேலை பார்த்த சர்வீஸ் கடையில் யாரோ கழித்துப் போட்ட மெஷினிலிருந்து எடுத்தது. அவள் வயதில் பாதி அதற்கு. அதில் ஒரு மெகாபைட் மெமரி பலகையோடு பற்றவைத்தே வரும். பக்கத்தில் இரண்டு சாக்கெட் காலியாக இருக்கும். இந்த இரண்டு சிப்பையும் அதில் உட்கார வைத்தால் இரண்டு மெகாபைட். அப்போது வேகம் கூடுகிறதா, கூடினால் எங்கே, கூடாவிட்டால் ஏன் என்று பார்க்க அவளுக்கு ஆசை. திரையில் படத்தைச் சின்ன சைஸிலும் பெரிய சைஸிலும் ஓட்டிப் பார்த்து, சிப் வைப்பதற்கு முந்தைய பாதியை அவளே முடித்துவிட்டாள். சின்ன சைஸ் சோதனையில் விநாடிக்கு 41.2 படம். பெரிய சைஸ் சோதனையில் 22.6. எனக்கு மனப்பாடம். அந்த எண்களைப் போனில் சொல்லிவிட்டுத்தான், "சிப் எப்படா கொண்டு வருவே?" என்று கேட்டாள். இதோ வர்றேன், இதோ வர்றேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நான் எதற்கு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வாரத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நீங்கள் அவள் கார்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டுப் பழைய சாமான்காரருக்குக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இதெல்லாம் எங்க அக்காவோடது. தூக்கிப் போட நீங்க யாரு?" என்றேன். "அவளே போயிட்டா. கேக்க நீ யாரு?" என்றீர்கள். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே நான் வேலை பார்க்கும் எண்ணெய் பம்ப் ஸ்டேஷனில் ஸ்டோர் ரூம் முழுக்கக் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள். சிப் அதிலிருந்து எடுத்ததுதான். சிப்பின் ஒரு மூலை சீவினாற்போல இருக்கும், சாக்கெட்டிலும் அப்படியே. இரண்டு மூலையும் சேர வேண்டும். வைத்துவிட்டு அதே இரண்டு சோதனையையும் ஓட்டி எண்களை எழுதுங்கள். மெஷினை இன்னும் பழைய சாமானுக்குப் போடாமல் இருந்தால்.

வாலு


ஜூன் 19

வாலு,

கவர் கடைக்கு வந்தது. முதலாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "உள்ள பூச்சி மாதிரி ஏதோ இருக்கே" என்றார். மூக்குக் கண்ணாடி விற்கிறவருக்கே கண் அந்த லட்சணம்.

சோதனை முடிந்தது. சின்ன சைஸ் 58.6. பெரிய சைஸ் 24.1. நல்லபடியாகக் கூடியிருக்கிறது. உன் அக்கா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

மெஷினைத் தூக்கிப் போடவில்லை. பழைய சாமான்காரர் அன்றைக்கு வரவே இல்லை. பெட்டிகள் கட்டினபடி கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. மெஷின் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கிறது. அது எப்போது சாப்பாட்டு மேஜையாக இருந்தது, சொல்லு. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அவளும் சோபாவில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துத்தானே சாப்பிட்டோம். இப்போதும் அப்படித்தான்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. கடைக்குப் போகிறேன், வருகிறேன். நேற்று ஒரு பெரியவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "இப்பதான் என் பெண்டாட்டி மூஞ்சியே தெரியுது, பழசையே கொடுத்துடு" என்றார். அந்த அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

கட்டிலுக்கு அடியில் காலி சாக்கெட்டோடு இன்னும் மூன்று நான்கு கார்டு இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் ஸ்டோர் ரூமில் சிப் குவியலாகக் கிடந்தால் இரண்டு இரண்டாக அனுப்பு. எல்லாவற்றையும் ஒரே கவரில் போடாதே, தொலைந்துவிடப் போகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

கண்ணாடிக் கடையிலிருந்து


ஜூலை 1

மாமாவுக்கு,

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். எனக்குப் புத்தி இருக்கிறது மாமா. இதில் மட்டுமாவது இருக்கிறது.

சின்ன சைஸ் சோதனை 41.2-லிருந்து 58.6-க்குப் போகாது. போகவே போகாது. அந்த சைஸில் படம் கார்டுக்குள் கொஞ்ச இடம்தான் பிடிக்கும். இருக்கிற ஒரு மெகாபைட்டே அதற்குத் தாராளம். அங்கே வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது கார்டு இல்லை, பிராசசர். இரண்டு இல்லை, இருபது மெகாபைட் வைத்தாலும் 41.2 நகராது. அக்கா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள். "பெரிய வீட்டுக்குக் குடி போனா நடை வேகமாகுமாடா?" என்று கேட்பாள். நீங்கள் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டே, "அவளுக்கு வீடு மாத்தணும்னு ஆசை, சுத்தி வளைச்சுச் சொல்றா" என்பீர்கள்.

கூட வேண்டியது பெரிய சைஸில். இந்தக் கார்டு நாலு சிப் இருந்தால்தான் முழு அகலத்தில் வேலை செய்யும். பலகையில் இருப்பது இரண்டு, அதாவது பாதி வழிதான் திறந்திருக்கிறது. காலி சாக்கெட்டை நிரப்பினால் மற்றப் பாதியும் திறக்கும், பெரிய படம் மளமளவென்று வரும். 22.6 என்பது முப்பதைத் தாண்ட வேண்டும். நீங்களோ அங்கே 24.1 என்று கிள்ளிப் போட்டிருக்கிறீர்கள். கூட வேண்டிய இடத்தில் கூடவில்லை, கூடக் கூடாத இடத்தில் கொட்டுகிறது.

நீங்கள் கவரைப் பிரிக்கவே இல்லை. மெஷினை ஆன் செய்யவும் இல்லை. உட்கார்ந்து இரண்டு எண்ணை எழுதிவிட்டீர்கள். கூடவே, 'உன் அக்கா சந்தோஷப்பட்டிருப்பாள்' என்று ஒரு வரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் எண்ணைப் பார்த்து அவள் எப்போது சந்தோஷப்பட்டாள்? ஒன்றும் மாறாத சோதனையைக்கூட மூன்று தடவை ஓட்டி, மாறவில்லை என்று நிச்சயமான பிறகுதானே சாப்பிடவே எழுந்திருப்பாள்.

முடியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். என்னை முட்டாளாக்கியிருக்க வேண்டாம்.

வாலு


ஜூலை 28

வாலு,

நாலு நாள் கோபத்தில் இருந்தேன். மற்ற நாளெல்லாம் வெட்கத்தில் இருந்தேன். அதனால்தான் தாமதம்.

ஆமாம், பிரிக்கவில்லை. கவர் என் கடை டிராயரில் திருகாணி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. ஏன் என்று கேட்கிறாய். மெஷினுக்கு மேலே ஒரு துணி போட்டு மூடியிருக்கிறேன். அந்தத் துணியை எடுத்தால் கீபோர்டு தெரியும். கீபோர்டைப் பார்த்தால் அவள் கை தெரியும். உனக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு 'சாக்கெட்டில் வையுங்கள்' என்று எழுதிவிடுவது சுலபம். இந்த வீட்டில் அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு தினமும் நடக்கிறவன் நான்.

பொய் எண் ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே. 41.2 என்று அப்படியே எழுதியிருந்தால், 'சரி, ஒன்றும் மாறவில்லை' என்று நீ முடித்துக்கொள்வாய். அதோடு காரியம் முடிந்தது. கூடியிருக்கிறது என்று எழுதினால் அடுத்த கார்டுக்கும் சிப் அனுப்புவாய். சிப் வந்தால் கூடவே கடிதம் வரும். எனக்குச் சிப் வேண்டியிருக்கவில்லை. கூட வைத்தால் கூடத்தானே செய்யும் என்று என் புத்திக்கு எட்டியபடி எழுதினேன். அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

நாள் முழுக்க எதிரில் உட்காருகிறவர்களிடம், 'இது தெளிவா இருக்கா, இதுவா?' என்று கேட்கிறேன். லென்ஸை மாற்றி மாற்றி, நூறு தடவை கேட்பேன். கடை மூடியதும் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சில ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து சாயங்காலம் வரை வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறேன். திங்கட்கிழமை கடையில் முதல் வார்த்தை பேசும்போது குரல் கரகரக்கிறது. தனிமை என்றால் இதுதான் போலிருக்கிறது. அவள் இருந்தபோதும் நான் ஒன்றும் பெரிய பேச்சுக்காரன் இல்லை. அவள் பேசுவாள், நான் 'ம்' கொட்டுவேன். 'ம்' கொட்டுவதற்கும் ஒருவர் வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று. என் தங்கை என்னைத் தன் ஊருக்கே வந்துவிடச் சொல்கிறாள். மாடியில் ஒரு அறை காலி, அங்கேயும் கண்ணாடிக் கடை இருக்கிறது, ஒத்தை ஆளுக்கு எதற்கு மூன்று அறை வீடு என்கிறாள். அவள் சொல்வதில் தப்பு இல்லை. செப்டம்பர் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ போட்டால் மீதி இடம் கையகலம்தான்.

கோபம் தீரவில்லையென்றாலும் திட்டியாவது எழுது.


ஆகஸ்ட் 6

மாமாவுக்கு,

திட்டுவதற்குத்தான் தாளை எடுத்தேன். உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். திட்டு வரவில்லை.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று நான் எழுதியதே இல்லை. ஷிப்டுக்கு இரண்டு பேர். நானும் போர்மேனும். அவருக்கு ஒரு காது மந்தம், இன்னொரு காதில் எப்போதும் பம்ப் சத்தம். நான் அழுத்தம் எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்துக் கத்துவேன், அவர் தலையாட்டுவார். அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை. குவார்ட்டர்ஸுக்கு வந்தால் ஒரு கட்டில், ஒரு மேஜை, அக்கா எனக்குக் கட்டிக்கொடுத்த பழைய கம்ப்யூட்டர். ஜன்னலுக்கு வெளியே குழாய்கள். தினமும் எண்ணெயை எங்கேயோ இருக்கிறவர்களுக்குத் தள்ளிவிடுகிறோம். நமக்கு இந்தப் பக்கம் ஒன்றும் வருவதில்லை என்று ஒருநாள் போர்மேனிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

மெஷினைத் தொட முடியவில்லை என்றால் தொட வேண்டாம் மாமா. சத்தியமாகச் சொல்கிறேன், எண்ணுக்காக நான் அலையவில்லை. அக்கா ஏன் ஒன்றும் மாறாத சோதனையை அத்தனை தடவை ஓட்டினாள் என்று ஒருநாள் கேட்டேன். "மாறலைன்னு தெரிஞ்சுக்கிறதும் தெரிஞ்சுக்கிறதுதானே" என்றாள். எனக்கு அது அப்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

எப்போதாவது முடிந்தால், கரண்ட் வயரை முதலில் பிடுங்குங்கள். கேஸின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு அப்புறம் சிப்பைத் தொடுங்கள். மூலையை மறக்காதீர்கள்.

தங்கச்சி வீட்டுக்குப் போவது நல்லதுதான். நான் யார் அதற்கு நல்லது கெட்டது சொல்ல. ஆனால் பெட்டிகளைக் காலி செய்வதற்கு முன்னால் ஒரு வரி எழுதுங்கள். கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று நீங்கள் நினைத்தால் அதையும் எழுதுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 30

வாலுப் பயலே,

திறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியை எடுத்தேன். மடித்து வைத்தேன். திரும்ப எடுத்துப் போர்த்தினேன். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி எடுத்தேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும், சிரித்துக்கொள். கேஸைத் திறந்தால் உள்ளே ஒரு விரல் தூசி. கடையில் லென்ஸ் துடைக்கிற பிரஷ்ஷால் பூராவும் துடைத்தேன். கார்டைக் கழற்றி வெளியே வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாக்கெட்டைப் பார்த்தேன். அப்புறம் உன் சிப்பைப் பார்த்தேன்.

ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஒரு புள்ளி, மிளகு அளவு. நகப்பூச்சு. மெரூன் நிறம்.

உன் அக்கா சோதித்து நல்லது என்று தெரிந்த சிப்புக்கெல்லாம் அப்படி ஒரு புள்ளி வைப்பாள். அந்த நகப்பூச்சை நகத்தில் பூசி நான் பார்த்ததில்லை, சிப்பில்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் பம்ப் ஸ்டேஷன் ஸ்டோர் ரூமில் என் பெண்டாட்டியின் நகப்பூச்சு எப்படி வந்தது? என் பொய்யைப் பிடித்து நீ எழுதின கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நல்ல கடிதம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் எழுதினது.

அது உன் மெஷினிலிருந்து பிடுங்கியது. அவள் உனக்குக் கட்டிக்கொடுத்ததிலிருந்து. என்னிடம் மறைக்காதே.

சரி, சோதனையைச் சொல்கிறேன். முதலில் லென்ஸை ஃபிரேமில் அழுத்துகிற மாதிரி இரண்டு கட்டை விரலால் ஒரே பக்கமாக அழுத்திவிட்டேன். எனக்கு அதுதானே பழக்கம். ஆன் செய்தால் சின்னதெல்லாம் சரியாக வந்தது. பெரிய சைஸுக்குப் போனதும் திரை பூராவும் கோடு கோடாகப் பச்சையும் ஊதாவும். சிப்பைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய கடைசிச் சிப்பையும் நானே கெடுத்தேன் என்று அழுதேன். அவள் போன அன்றைக்கு நான் அழவில்லை, நீ அதைப் பார்த்தாய், உன் மனசில் அது இருக்கும். பச்சைக் கோட்டுக்கு அழுதேன். அப்புறம் நெஞ்சு கொஞ்சம் லேசானது. கார்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சிப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நாலு மூலையும் சமமாக அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது.

சின்ன சைஸ் மூன்று தடவை ஓட்டினேன். 41.2, 41.2, 41.3. மாறவில்லை.

பெரிய சைஸ் 36.8.

முன்பு வராத ஒரு நிலைக்கும் இப்போது போகிறது. பெரிய சைஸிலேயே ஆயிரக்கணக்கான நிறம். ஒரு மெகாபைட்டில் கேட்டால் முடியாது என்று கறுத்துப் போகுமே, அது. சோதனை புரோகிராம் அதில் வெறும் கட்டம் கட்டமாக நிறம் காட்டுகிறது, வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். நல்ல லென்ஸ் போட்டால் யாரும் வேகமாகப் படிக்கப் போவதில்லை, ஓரத்தில் இருப்பதும் தெரியும், அவ்வளவுதான். ஒருவேளை அவளுக்குப் பிடித்தது இதுதானோ என்று தோன்றியது. கேட்டிருக்கலாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு நாள் எழுந்து போய்க் கேட்டிருக்கலாம்.

மாமா


செப்டம்பர் 9

மாமாவுக்கு,

ஆமாம். ஸ்டோர் ரூமில் ஒரு சிப்பும் இல்லை. அங்கே இருப்பது துருப்பிடித்த வால்வுகளும் ஒரு பூனையும்தான்.

வெறும் கடிதம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. 'சௌக்கியமா' என்று கேட்டு எழுதினால் நீங்கள் எதற்குப் பதில் எழுத வேண்டும்? ஏதாவது ஒரு வேலை சொன்னால் அதற்காவது எழுதுவீர்கள் என்று நினைத்தேன். அக்கா கொண்டு வரச் சொன்னதும் என் கார்டில் இருந்த இதே இரண்டைத்தான், அதைப் பிடுங்கினேன். இப்போது என் திரையில் நிறம் குறைந்துவிட்டது, பெரிய படம் நகர்ந்து நகர்ந்து வருகிறது. பரவாயில்லை. மீட்டர் கணக்கு டைப் செய்ய அது போதும். நீங்களும் நானும் ஒரே பொய்யைத்தான் ஆளுக்கொரு பக்கமிருந்து சொல்லியிருக்கிறோம்.

36.8. நான் முப்பத்தைந்து என்று நினைத்திருந்தேன். அக்கா முப்பத்தேழு என்றாள். போனில் நாங்கள் கட்டிய பந்தயத்தில் அவள்தான் கிட்ட. சுவரைப் பார்த்து, "நீதான் ஜெயிச்சே" என்று சொன்னேன். போர்மேன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இனி சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இதுவரை அது அக்கா வீடு, நான் வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசியோடு அந்த வீடு இல்லை. உங்கள் தங்கச்சி வீட்டுக்கு நான் எந்த முறையில் வருவது? கதவைத் தட்டினால் அவர்கள் 'யாரு' என்று கேட்பார்கள். செத்துப்போனவளின் தம்பி என்று சொல்லி உள்ளே வர எனக்கு வாய் வராது மாமா. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அக்கா, அக்கா போன பிறகு நீங்கள். நீங்களும் இல்லையென்றால் லீவு கிடைத்தாலும் போக ஊர் இல்லை. இங்கேயே கட்டிலில் படுத்துக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அங்கே இடம் கையகலம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் கட்டாயப்படுத்தவில்லை. பெட்டிகளை என்ன செய்வது என்பதை உங்கள் இஷ்டத்துக்கே விடுகிறேன். வர வேண்டாம் என்றால் புது விலாசத்தை எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

வாலு


அக்டோபர் 11

வாலு,

வீடு மாறி வந்து சாமான் அடுக்கவே இத்தனை நாள் ஆயிற்று. அதற்குள் நீ என்னென்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். உன் புத்தி எப்போதும் மோசமான பக்கமே போகும்.

பீரோவைக் கொண்டு வரவில்லை. அது இருந்தால் மேஜை போட இடம் இல்லை. என் சட்டைகள் ஆணியில் தொங்குகின்றன. மேஜை ஜன்னலோரம், மேலே மெஷின், கீழே பெட்டிகள் ஆறும். தங்கை மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "பீரோவை வித்துட்டு இந்தப் பழைய இரும்பைத் தூக்கிட்டு வந்தியாண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள். இங்கே மேஜையில்தான் சாப்பிடுகிறோம். தட்டு மடியில் இல்லாமல் எனக்கு வயிறு நிறைகிற மாதிரியே இல்லை.

சனிக்கிழமை கடைத்தெருவில் இரண்டு நாற்காலி வாங்கினேன். மாடிப்படி குறுகல், ஒவ்வொன்றாகத்தான் தூக்க வேண்டும். முதலாவதை மேலே வைத்துவிட்டு இறங்கினால் தங்கை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஒத்தை ஆளுக்கு இன்னொன்று எதற்கு என்று கேட்டாள். மச்சினன் லீவில் வருவான், இரண்டு பேரும் உட்கார வேண்டும் என்றேன்.

அவள் கெட்டவள் இல்லை. மனசில் பட்டதை நேரே கேட்டுவிடுவாள். "அண்ணியே இல்லை. இனிமே என்னண்ணா மச்சினன்?" என்றாள்.

நீ கேட்ட அதே கேள்விதான். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வாசலில் நின்றபோது தானாக வந்தது.

"அப்ப நானும் அவ புருஷன் இல்லைன்னு சொல்லு. அதை உன் வாயால சொல்லிட்டேன்னா, இந்த நாற்காலியை இப்பவே கடையில திருப்பிக் கொடுத்துடறேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நாற்காலியை அவளே தூக்கிக்கொண்டு படி ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். மேஜைக்கு முன்னால் மற்றதன் பக்கத்தில் போட்டுவிட்டு, கை முட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். உனக்குக் காப்பியா டீயா என்று கேட்டாள். டீ, சர்க்கரை தூக்கலாக என்று சொல்லியிருக்கிறேன்.

விலாசம் கவரின் பின்னால் இருக்கிறது. உன் கார்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு வா.

மாமா